மூட்டை இல்லாமல் மலைக்கு

துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்ற திருமூர்த்தியைப் பார்த்ததும் கோவிந்தராஜுலுவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"ஏப்பா, உன்ற மூட்டை எங்கே?"

"ஒண்ணும் எடுத்துக்கலீங்கண்ணா. இப்படியே வாரேனுங்க."

வெள்ளியங்கிரி என்ன டவுன்ஹால் கடைவீதியா? ஏழு மலை. மேலே போனால் பல் கிட்டிப்போகும் குளிர்.

"அங்க வெடவெடன்னு நடுங்கறப்ப யாரு கம்பளிக்குள்ளாற பூந்துக்குவே? என்ற கம்பளிதானே?"

திருமூர்த்தி சிரித்து வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர். இருவருக்கும் ஒரே மில்லில் வேலை.

கோவிந்தராஜுலு கட்டின மூட்டையை மறுபடியும் அவிழ்த்தார். காலையிலிருந்து இதே கூத்துதான். கம்பளி, மஃப்ளர், குரங்குக் குல்லா, டார்ச் லைட், சுக்குப்பொடி, கட்டுச்சோறு. வைப்பார், எடுப்பார், திரும்பக் கட்டுவார். ஓரிடத்தில் உட்காரவில்லை மனுஷர்.

பயம்தான், வேறென்ன? பல வருஷம் மில் பஞ்சைச் சுவாசித்த நெஞ்சு. போன தடவை மூன்றாவது மலையிலேயே இரைப்பு வந்து திரும்பிவிட்டார். மகள் காய்ச்சலில் பிழைத்ததற்கு வேண்டிக்கொண்டது அப்படியே நிற்கிறது. டாக்டர் மலைப்பக்கமே போகாதே என்றார். கேட்டால்தானே!

"ஏனுங்க, இந்த வருசமும் விட்டுப்போடலாமுங்க" என்றாள் மனைவி ரங்கநாயகி.

"சாமிக்குச் சொன்ன சொல்லை விடறதா? உசுரே போனாலும் ஏறிப்போட்டுத்தான் வருவேன்!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த வார்த்தையை இப்போது சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் திருமூர்த்தி பக்கம் திரும்பினார். "ஒரு சொட்டர் கூடவா இல்லே?"

"உள்ளாற ரெண்டு பனியன் போட்டிருக்கறனுங்க."

"ஓசியிலயே காலத்தை ஓட்டறவன்!" என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டு, குளிக்கப் புழக்கடைக்குப் போனார்.

ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, அவரு பேச்சை மனசுல வெச்சுக்காதீங்க. உங்களுக்குத்தான் சுமை இல்லீங்களே, அவரு மூட்டைய மட்டும் வாங்கிக்கறீங்களா? வெறும் ஆளா ஏறினா மூச்சுத் தாங்குமில்லீங்க?"

"அது ஆகாதுங்க அக்கா. வேண்டுதலுக்கு ஏறறவங்க மூட்டைய அவங்களேதான் சுமக்கோணும். மலைக்குப் போற நம்ம கோஷ்டியில அதுதானுங்க வழக்கம். அண்ணனும் குடுக்க மாட்டாரு."

"அப்ப நான் என்னதானுங்க பண்றது?"

திருமூர்த்தி புழக்கடைப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அழுகாதீங்க அக்கா. அதுக்குத்தானே நான் ஒண்ணும் எடுத்துக்காம வந்தேன். முடியாம உக்காந்துட்டாருன்னா, மூட்டை அவரு தோள்லயே இருக்கட்டும். அவரை நான் என்ற முதுகுல ஏத்திக்கறேனுங்க."