கீழ்ப்படிதலுள்ள

நான்காம் நாள் காலை கூடாரத்துக்கு வெளியே நாங்கள் நால்வர் இருந்தோம். பொற்கொடி வீங்கிய முழங்காலை நீட்டிப் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே இக்னேசி, அடுப்பருகில் முபாரக், கவிழ்த்த வாளியின் மேல் நான். நேற்று அவளைப் பாதிவழியில் தனியாக விட்டுவிட்டுச் சிகரம் ஏறச் சொன்னார் மலையேற்றக் குழுவின் தலைவர். நாங்கள் மூவரும் ஏறாமல் அவளிடம் திரும்பிவிட்டோம். வழி தவறிவிட்டோம் என்று மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் குழுவிலிருந்து எங்கள் பெயர்களை நீக்கிவிடுவாராம். தாளும் உறையும் கொண்டு, சுமை தூக்கும் மாசானம் அண்ணன் கீழ்முகாமிலிருந்து வந்திருந்தார்.

"ரெண்டு வார்த்தைதானடா, எழுதிக் குடுத்துரு," என்றாள் பொற்கொடி. "என்னால உங்களுக்கு மலையே இல்லாமப் போயிரும்."

"மலை என்ன அவரு மாமனார் வீட்டுச் சீதனமா?" என்றான் முபாரக்.

நான் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதினேன். 'ஐயா, நாங்கள் வழி தவறவில்லை. வழி தெரிந்தே திரும்பினோம். இனியும் திரும்புவோம். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள'. பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதத்தில் பழகிய கை, அதையும் சேர்த்தே எழுதிவிட்டது.

இக்னேசி உரக்க வாசித்துக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லில் நின்றான். பொற்கொடி கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். அந்த ஒரு சொல்லை மட்டும் தாள் கிழியுமளவுக்கு அடித்துவிட்டு, அதன் கீழே முதல் கையெழுத்தைப் போட்டாள். பிறகு நாங்கள் போட்டோம்.

முபாரக் பானையிலிருந்து ஒரு சோற்றுப்பருக்கையை எடுத்து நசுக்கி உறையை ஒட்டினான்.

"வாயால எதுவும் சொல்லணுமா தம்பி?" என்று கேட்டார் மாசானம் அண்ணன்.

"எல்லாம் உள்ள இருக்குண்ணே," என்றான் முபாரக்.

அவர் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்.