கார்டு பத்திரம்

"பீரோவைத் திறங்க அண்ணி."

சௌமியா கேட்டதும் சித்ரா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

அடுக்கி வைத்த சேலைகளுக்கு நடுவே இருந்தது, மாமியார் செல்லியம்மாளின் ஏ.டி.எம். கார்டு.

வாசலில் நின்றுகொண்டிருந்த எதிர்வீட்டு வள்ளியாத்தாள் வாயில் கை வைத்தாள்.

"பாத்தீங்களா! திருடன் இப்பெல்லாம் வெளிய இருந்து வர்றதில்லீங்க."

அவளுக்குப் பின்னால் தெருவில் பாதி நின்றது.

சௌமியா கார்டை வெடுக்கென்று எடுத்தாள். சேலத்தில் ஒரு பேங்கில் வேலை பார்ப்பவள் அவள். அம்மாவுக்குக் கார்டு வந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைக்காரர் கையில் கார்டைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்காதே, மெஷினை உன் பக்கம் கொண்டு வரச் சொல்லு, நம்பர் அழுத்தும்போது கையால் மறைத்துக்கொள்.

செல்லியம்மாள் அதற்கும் ஒரு படி மேலே போனாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், கண்டிப்புக்குக் கேட்க வேண்டுமா? மருந்துக்கடையில் முந்தானையால் மெஷினையே மூடிக்கொண்டுதான் நம்பர் போடுவாள். ஏ.டி.எம். அறைக்குள் வேறு யாராவது நுழைந்தால் பாதியில் வெளியே வந்துவிடுவாள். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்தால் பதிலே சொல்லாமல் அணைத்துவிடுவாள். கார்டைக் காப்பதில் அவளை மிஞ்ச குமாரபாளையத்தில் ஆள் கிடையாது.

அப்படிக் காத்த பணத்தில் எண்பதாயிரத்தைக் காணோம். மூட்டு ஆபரேஷனுக்கென்று வைத்திருந்த பணம்.

காலையில் பேங்குக்குப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது. பர்ஸில் தேடினால் கார்டும் இல்லை. உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"எம்மருமவதான் சாமி எடுத்திருக்கோணும். ஊட்டுல வேற யாரு இருக்கறா?"

"போன்ல மெசேஜ் வந்திருக்குமேம்மா?"

"நா எங்க அதையெல்லாம் பாத்தேன்?"

அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தவளுக்குக் கையும் களவுமாகக் கிடைத்துவிட்டது.

"ஏன் அண்ணி? எங்கம்மா கக்கூஸ் போறதுக்கே செவுத்தப் புடிச்சுட்டு நடக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

சித்ரா கலைந்த சேலைகளை எடுத்து அடுக்கினாள்.

"போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன்."

நாற்காலியில் இருந்த செல்லியம்மாள் பதறிப்போனாள்.

"வேண்டாஞ் சாமி, போலீசு கீலீசெல்லாம் வேண்டாம். ஏதோ ஆசப்பட்டு எடுத்துட்டா. போனாப் போவுது, உடு."

"இந்த மனசு யாருக்குங்க வரும்?" என்று வள்ளியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மாவின் பெருந்தன்மையைப் பார்க்கப் பார்க்க சௌமியாவுக்கு அண்ணி மேல் இன்னும் எரிந்தது. சித்ராவின் கையைப் பிடித்துத் தரதரவென்று பின்பக்கம் தறிக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். அண்ணன் காளிதாஸ் நூல் எடுக்கப் பவானிக்குப் போயிருந்ததால் அவனுடைய தறிகள் ஓடவில்லை. ஆனாலும் அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தில் இங்கே பேசுவது வெளியே கேட்காது.

"இப்பவாச்சும் சொல்லுங்க. பணம் எங்க?"

"பணத்த நா எடுக்கலீங்க. கார்டத்தான் எடுத்தேன். நேத்து, உங்கண்ணன் சட்டப் பையில இருந்து."

"அண்ணனா?"

"போன்ல சீட்டு ஆடறாருங்க. எம்பட நகையெல்லாம் முன்னாலயே போயிருச்சு. மிச்சம் இருக்கற பணமாச்சும் ஆபரேஷனுக்கு இருக்கட்டும்னுதான் ஒளிச்சு வெச்சேன்."

சௌமியா அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தாள். வெறும் மஞ்சள் கயிறு. வந்ததிலிருந்து எதிரே நின்று கத்தியவளுக்கு அதுகூடக் கண்ணில் படவில்லை.

"அங்கயே சொல்லியிருக்கலாமில்ல அண்ணி? தெருவே உங்களத் திருடின்னு பேசுது."

"அத்தைக்கு பி.பி. இருக்குதுங்க. பெத்த மகனே திருடுனான்னு தெரிஞ்சா தாங்குவாங்களா? நா வேற ஊட்டுல இருந்து வந்தவ. என்னத் திட்டித் தீத்தா அவுங்க மனசு ஆறிரும்." சித்ரா கைகளைக் கூப்பினாள். "ஆபரேஷன் முடியற வரைக்கும் அத்தைகிட்ட மட்டும் சொல்லீராதீங்க."

சௌமியா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலு பேர் முன்னால் இவளைப் போய் பீரோவைத் திறக்கச் சொன்னோமே என்று மனசு அறுத்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. அம்மா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். அண்ணனைக் காட்டிக் கொடுக்காமல் அண்ணியின் பேரை மட்டும் எப்படிக் காப்பாற்றுவது? பக்கத்தில் போய் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, நல்லா விசாரிச்சுட்டேன். அண்ணி பணத்த எடுக்கல. வேற யாரோ பண்ணுன வேலையா இருக்கும்."

செல்லியம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தினாள்.

"அவ எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா சாமி? கார்டோட ரகசிய நம்பர காளிதாசுகிட்ட மட்டுந்தான சொல்லி வெச்சிருந்தேன்."

சௌமியா சட்டென்று எழுந்துவிட்டாள்.

"அப்புறம் எதுக்கும்மா அவுங்க பேரச் சொன்ன?"

"பேங்க்ல வள்ளியாத்தா கூடவே நின்னாளே. யாரு பேரையாச்சும் சொல்லித்தான ஆவோணும்? எம்பையன் பேரையா சொல்லச் சொல்ற?"