கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"தள்ளி நில்லுங்கம்மா. படத்தையும் தொடக்கூடாது, அந்தம்மாவையும் தொடக்கூடாது" என்றார் காவலர்.

சங்கீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தம்மாவாம். போன வாரம் வரை கம்பெனி பஸ்ஸில் இவள் தோளில் சாய்ந்து தூங்கிய ஹெலன், இன்றைக்குத் தொடக்கூடாத பொருளாகிவிட்டாள்.

ஆம்பூரில் மூடிக்கிடந்த, தோல் பதனிடும் டேனரிக்கு வெள்ளையடித்து ஓவியக் கண்காட்சி வைத்திருந்தார் ஓவியர் ரஃபத் ஜஹான். சுவரெல்லாம் படங்கள். நடுவில் கயிறு கட்டி, உள்ளே ஒரு தையல் மிஷின். அதில் ஹெலன் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் காட்சிதானாம். சென்னையிலிருந்து வந்தவர்கள் படங்களை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

காட்சிக்கு ஆள் தேடி ரஃபத் ஜஹான் இவர்களுடைய ஷூ கம்பெனிக்கு வந்த அன்று, சங்கீதாவின் செக்கிங் மேஜை அருகேதான் வெகுநேரம் நின்றார். கூப்பிடப்போகிறார் என்று இவள் முடியைக்கூட ஒதுக்கிக்கொண்டாள். கடைசியில் கூப்பிட்டது ஹெலனை.

"நான் ஓகே பண்ணாதான் அவ தெச்சது வெளியவே போகும். அவள உக்கார வெச்சிருக்காங்க" என்று கூட வந்த மெர்சியிடம் பொருமினாள்.

"உனக்கு வயித்தெரிச்சல்டி."

"ஆமா, எரியுது. இன்னா இப்போ?"

சொல்லிவிட்டு ஹெலனின் கையைப் பார்த்தாள். தையல் ஓரத்தை விட்டு விலகிக் கோணலாக ஓடியது. அந்தக் கை தைத்தது செக்கிங்கில் ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. பேர் வந்ததும் கைநேர்த்தி போச்சு என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்ததும் கோணல். அதற்கடுத்தது அதைவிட மோசம். கூட்டம் அதையும் போட்டோ எடுத்தது.

சங்கீதாவால் முடியவில்லை. கயிற்றைத் தாண்டிப் போய், தோலைப் பிடுங்கி நூலைப் பிரித்தாள்.

"இன்னாடி இது? இப்பிடித் தெச்சா நம்ம லைன் பேரு இன்னா ஆவும்? எழுந்திரு."

ஹெலனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து தானே மிஷினை ஓட்டினாள். காவலர் நின்ற இடத்திலேயே நின்றார். தைத்து முடித்து நிமிர்ந்தபோது கூடம் முழுக்கக் கைதட்டியது.

அப்போதுதான் பயம் வந்தது. ரஃபத் ஜஹான் எதிரே நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். உங்க காட்சியக் கெடுத்துட்டேன்."

"இதுக்குத்தான் காத்திருந்தோம், சங்கீதா. கோணல் தையல உங்களால விட முடியாததத்தான் அன்னிக்கு உங்க மேஜைகிட்ட நின்னு பாத்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க நடிச்சிருப்பீங்க."

ஒன்றும் புரியாமல் ஹெலனைத் திரும்பிப் பார்த்தாள். ஹெலனின் முகம் கடுகடுவென்று இருந்தது. காலையில் கண்ணாடியில் சங்கீதா பார்த்த அதே முகம்.

"காட்சிக்கு உன்னைத்தான்டி எடுத்தாங்க. கோணலா தைக்கிறதுக்கு நான்."