தொலையாத ஆமை

சேற்றை அள்ளி ஓட்டில் பூசிய பிறகுதான் இராசமலர் ஆமையைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுவந்தாள்.

"ரோட்டில கிடந்தது டொக்டர். ஆரின்ர ஆமையெண்டு தெரியாது."

வைத்தியர் பின்னங்காலருகே கருவியைப் பிடித்தார். கருவி கீச்சிட்டது. "தோலுக்கடியில அடையாளச் சிப் இருக்கு. நகமெல்லாம் வெட்டி, ஆரோ செல்லமா வளர்த்திருக்கினம்."

"அவை இப்ப எங்க இருக்கினமெண்டு அதில தெரியுமோ?"

"இடம் காட்டாதம்மா. போன் நம்பர்தான் எடுக்கலாம். அதுவும் சொந்தக்காரர் புது நம்பரைப் பதிஞ்சிருந்தால்தான்."

பதிந்திருப்பாள். சண்டை பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகள் துஷ்யந்தி, தாய்க்குத் தெரியாமல் நம்பரை மாற்றிவிட்டாள். ஆனால் விட்டுப்போன ஆமையின் விஷயத்தில் அவள் அசட்டையாக இருக்கமாட்டாள். இராசமலருக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

வைத்தியர் கணினியில் தேடி எடுத்து அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது.

"தங்கச்சி, உங்கட ஆமை ரோட்டில கிடந்ததெண்டு ஒரு அம்மா கொண்டுவந்திருக்கிறா."



"அது வெளியில வராதே... அம்மா விடமாட்டாவே. டொக்டர், என்ர அம்மாவுக்கு என்ன நடந்தது?"

இராசமலர் சேலைத் தலைப்பால் ஓட்டிலிருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினாள்.