நிழல் விழுந்த பக்கம்

"காஞ்சனா, லீவு கிடைக்காம அக்கா பொண்ணு கல்யாணத்துக்கே போகல. இனி அக்கா ஜென்மத்துக்கும் பேசமாட்டா" என்று புலம்பினான் லட்சுமணன்.

"ஏன் டென்ஷன்? ஒரு மாசமா இங்க பேகம்பேட்ல போட்டோ எடிட்டிங் படிக்கறேனே, எதுக்காம்?"

கொழுந்தன் கிரி கல்யாணப் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். மதுரை மண்டப வாசல் வெயிலில், முன்வரிசையில் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் பக்கத்திலேயே கணவனை ஒட்டவைத்தாள் காஞ்சனா. நிழல்தான் காட்டிக்கொடுக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அதனால் கிரியின் நிழலைப் பார்த்து, அச்சு அசலாகக் கணவனுக்கும் ஒன்று வரைந்தாள்.

"மதினி, இவர் முகூர்த்தம் முடிஞ்ச கையோட ரயிலேறிட்டார்" என்று எழுதி அதே குரூப்பில் அனுப்பினாள்.

நாத்தனாரிடமிருந்து உடனே பதில் வந்தது. "எல்லாருக்கும் நிழல் இடப்பக்கம் விழுது. என் தம்பிங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி வலப்பக்கம் விழுது?"

காஞ்சனா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதே கிரியின் போன் வந்தது.

"காப்பியடிக்க நான்தானா கிடைச்சேன் மதினி? நானும் உங்க கிளாஸ்தான், சாயங்கால பேட்ச். எங்களுக்கு இன்னும் நிழல் பாடமே நடத்தல!"