நத்தையின் கையெழுத்து

துவைக்கிற கல்லின் மேல் வெள்ளிக்கோடாக எழுதிக்கொண்டே போன நத்தைக்குத் தன் கையெழுத்தில் அப்படியொரு கர்வம். கீழே குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் பார்த்து, "என்ன எழுத்து இது, கோழி கிண்டின மாதிரி?" என்றது.

"கோழிதானே கிண்டிச்சு."

"எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவேன். உனக்குப் பொறுமை துளியும் கிடையாது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு."

"சரியாத்தான் சொல்றே. உன் எழுத்து என்ன சொல்லுது?"

"வாசிச்சுப் பாரேன். முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது."

கோழி கல்லின் மேல் ஏறி, முதலெழுத்திலிருந்து வாசித்துக்கொண்டே நடந்தது. முத்து முத்தான எழுத்துதான், எங்கேயும் தடுமாறவில்லை. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் முற்றுப்புள்ளி மாதிரி நத்தை உட்கார்ந்திருந்தது.

"கையெழுத்து நல்லாத்தான் இருந்தது," என்று சொல்லி, கோழி அலகைக் கல்லில் துடைத்துக்கொண்டது. "தலையெழுத்துதான் சரியில்லை."