எதிர்வீட்டுத் தூசி

“உன் மாவு மில்ல மூடினாத்தான் என் பொண்ணு ஒழுங்கா மூச்சு வுடுவா!” தெருவே கேட்கும்படி கத்தினான் முனிரத்தினம்.

“அடக்கிப் பேசு. நாப்பது வருசமா மில்லுலயே நின்னுகினு கீறேன். எனக்கு இன்னா ஆச்சு?” என்றாள் எதிர்வீட்டுத் தேசம்மா.

திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சந்தில் மூன்று மாதமாக இதே சண்டைதான். முனிரத்தினத்தின் ஆறு வயது மகள் கீர்த்தனாவுக்கு இழுப்பு. அவன் கலெக்டருக்கு மனுப் போட்டான். மில் பக்கம் போகக் கூடாதென்று மகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தான்.

விசாரிக்க வந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஹேமாவதி, காற்றை இழுத்துத் தூசியை வடிகட்டும் கருவியை தேசம்மாவின் மில்லிலும் முனிரத்தினத்தின் வீட்டிலும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டாள். மறுநாள் இருவரையும் முனிரத்தினத்தின் வாசலுக்குக் கூப்பிட்டு வடிதாள்களைக் காட்டினாள். ஒன்று லேசாகப் பழுப்பேறியிருந்தது. இன்னொன்றில் தாளே தெரியாத அளவுக்குத் தூசி அப்பியிருந்தது.

முனிரத்தினம் அதைப் பிடுங்கித் தேசம்மாவின் முகத்துக்கு நேரே ஆட்டினான். “பாத்தியா? இப்ப இன்னா சொல்ற?”

“அது உங்க வீட்டுல வெச்சதுங்க,” என்றாள் ஹேமாவதி. “மாவு இல்ல, பஞ்சு. நாள் பூரா இத இழுத்தா நுரையீரல் தாங்காது. பொண்ணு எங்க படுக்குறா?”

அவன் வாசலை மறித்து நின்றான். உள்ளே விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் விரித்த பாயிலிருந்து இருமல் கேட்டது.

“வழி வுடுடா!”

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போன தேசம்மா, கீர்த்தனாவைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள்.